உள்ளே செலுத்தியது வெளியே வருமா? – புற்றுநோய் ஸ்கேனும் நுண் உலோகத் துகள்களும்



"தங்கத்தை நானோ துகளாக்கி ஊசியில் ஏற்றினால் கடுகளவு புற்றுநோயும் ஸ்கேனில் பளிச்சென்று தெரிந்துவிடுமாமே, அது நம் ஜனங்களுக்கு எப்போது கிடைக்கும்?" என்று நம் ஆதரவாளர்கள் கேட்கிறார்கள். பத்திரிகைகளில் இத்தகைய செய்திகள் அடிக்கடி வருவதால் இந்தக் கேள்வி எழுவது இயல்பே. இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கத்து வியாதியஸ்தர்களும் ஸ்கேனுக்குச் சீட்டு எழுதும்போது, "காசு ஆனாலும் பரவாயில்லை, நல்ல டை ஊசியா போடச் சொல்லுங்க டாக்டர்" என்கிறார்கள். ஆகவே இவ்விதழின் மருத்துவப் பாடத்தை இதற்கென்றே ஒதுக்கியிருக்கிறோம்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். உலோகத்தின் நுண்ணிய துகள்களைச் சரீரத்துக்குள் செலுத்திப் படம் எடுப்பது புதிய யோசனை அல்ல. ஏறக்குறைய நூறு ஆண்டுகளாக அது நடந்து வருகிறது. அவற்றில் ஒன்று பெரும் தீங்கில் முடிந்தது. மற்றொன்று நல்ல பலனைக் காட்டியும் கடையில் நிலைக்கவில்லை. தங்கம் இந்த வரிசையில் பிந்தி வந்த பிள்ளை. இவற்றின் வரலாற்றைப் பார்த்தால், "படத்தில் எவ்வளவு நன்றாகத் தெரிகிறது?" என்று கேட்பதற்கு முன்பாக, "படம் எடுத்து முடிந்த பிறகு அது எங்கே போகிறது?" என்று கேட்க வேண்டிய அவசியம் விளங்கும்.

ஸ்கேனுக்கு ஊசி எதற்கு?

எக்ஸ்ரே கதிர் எலும்பில் தடைபடுகிறது. ஆகவே எலும்பு வெள்ளையாகத் தெரிகிறது. ஈரல், குடல், இரத்தக் குழாய், கட்டி இவையெல்லாம் ஏறக்குறைய ஒரே அடர்த்தி உள்ளவை. கதிர் எல்லாவற்றையும் ஒன்றுபோலவே கடந்து போவதால் ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பிரித்துக் காண்பது கடினம். 1895-ல் ராண்ட்ஜன் இக்கதிரைக் கண்டுபிடித்த சில காலத்துக்குள்ளேயே மருத்துவர்கள் இந்தக் குறையை உணர்ந்துகொண்டார்கள். நம் துறைமுகத்துக்கு அருகே, பொது மருத்துவமனை வளாகத்தில், பர்னார்டு கதிரியல் நிலையம் 1934-ல் திறக்கப்பட்டது. அக்காலத்திலேயே கான்ட்ராஸ்ட் மருந்து, அதாவது கதிரைத் தடுத்து உறுப்பை வேறுபடுத்திக் காட்டும் மருந்து, உலகெங்கும் வழக்கத்துக்கு வந்திருந்தது.

அவற்றில் பலருக்கும் தெரிந்தது பேரியம். சுண்ணாம்புத் தண்ணீர்போல் வெள்ளையாக இருக்கும். குடித்துவிட்டுப் படம் எடுப்பார்கள். பேரியமும் ஓர் உலோகமே. தண்ணீரில் கரையும் பேரிய உப்புக்கள் விஷம். ஆனால் 1910-லிருந்து பயன்பட்டு வரும் பேரியம் சல்பேட் கரைவதில்லை. குடல் வழியே போய், போன வழியிலேயே வெளியேறிவிடுகிறது. விஷமான ஓர் உலோகம் மருந்தாக இருக்க முடிகிறது என்றால், அது சரீரத்தில் தங்காததுதான் காரணம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இரத்தக் குழாய்க்குள் பேரியத்தைச் செலுத்த முடியாது. அதற்கு அயோடின் கலந்த மருந்தைப் பயன்படுத்துகிறோம். இன்று சி.டி. ஸ்கேனில் கையில் ஏற்றும்போது உடம்பெல்லாம் சூடு பரவுவதுபோல் உணர்த்துவது அதுவே. சிறுநீரகம் நன்றாக வேலை செய்பவருக்கு ஒரு நாளைக்குள் அது சிறுநீரில் போய்விடுகிறது.

இங்கே எங்கள் பகுதிக்கே உரிய ஒரு சந்தேகத்தையும் தீர்த்துவிடுகிறோம். "எனக்கு இறால், நண்டு ஒத்துக்கொள்ளாது, தடிப்பு வரும், மீனில் அயோடின் இருக்கிறது, ஆகவே இந்த ஊசி ஆகாது" என்று கடற்கரைப் பக்கத்து ஜனங்கள் பயப்படுவதுண்டு. இறால், நண்டு ஒவ்வாமைக்குக் காரணம் அவற்றிலுள்ள ஒரு புரதம்; அயோடின் அல்ல. எந்த ஒவ்வாமையையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டியதுதான். ஆனால் இதற்காக மட்டும் அவசியமான ஸ்கேனைத் தவிர்க்க வேண்டியதில்லை. முன்பு ஒருமுறை கான்ட்ராஸ்ட் ஊசி போட்டபோதே ஒவ்வாமை வந்தவர்கள்தான் மிகுந்த கவனத்துக்குரியவர்கள்.

அயோடின் மருந்துக்கு இரண்டு குறைகள் உண்டு. மிகச் சிறிய மூலக்கூறாகையால் சில நிமிடங்களிலேயே குழாயைவிட்டு எங்கும் பரவிவிடுகிறது. புற்றுநோய் எது, மற்றது எது என்று அதற்குத் தெரியாது. இரத்தம் போகிற இடமெல்லாம் போகிறது. இந்த இரண்டு குறைகளையும் நீக்கலாம் என்ற நம்பிக்கையில்தான் துகள்களைத் தேடினார்கள்.

எவ்வளவு சிறியது நானோ?

ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். நம் இரத்தத்தின் சிவப்பணு ஏறக்குறைய 7,000 நானோமீட்டர் அகலம். சென்னைத் துறைமுகத்தில் 2011 வரை இரும்புத் தாதும் நிலக்கரியும் குவித்து ஏற்றி இறக்கினார்கள். உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு அந்தச் சரக்கு எண்ணூர்த் துறைமுகத்துக்குப் போயிற்று. அக்காலத்தில் இராயபுரத்துக் கொடிகளில் உலர்த்திய வேட்டியில் படிந்த செந்தூசியை மறந்தவர் யார்! கண்ணுக்குத் தெரிந்த அந்தத் தூசியின் ஒரு மணியை ஆயிரம் மடங்கு குறுக்கினால்தான் நாம் பேசும் அளவு வரும்.

இந்த அளவில் ஒரு விசேஷம் உண்டு. புற்றுநோய்க் கட்டி அவசர அவசரமாக வளர்வதால் அதன் இரத்தக் குழாய்களின் சுவர் ஒழுங்காகக் கட்டப்படுவதில்லை, இடைவெளிகள் இருக்கும். 1986-ல் ஜப்பானின் குமமோட்டோ நகரத்தில் மாட்சுமுரா, மாயேடா என்ற இருவர், பெரிய மூலக்கூறுகள் இந்த இடைவெளி வழியே கட்டிக்குள் கசிந்து அங்கேயே தேங்குகின்றன என்று காட்டினார்கள். நல்ல குழாயில் கசியாது, கட்டியில் கசியும் என்றால், கட்டியைக் குறிவைத்து அடித்ததுபோல் ஆயிற்றே! நானோ மருத்துவத்தின் நம்பிக்கை பெரும்பாலும் இதன்மேல் கட்டப்பட்டது.

ஆனால் 2016-ல் கனடாவின் டொராண்டோ ஆய்வாளர்கள், அதற்கு முந்தைய பத்தாண்டுகளில் வெளிவந்த விலங்கு ஆய்வுகளையெல்லாம் திரட்டிக் கணக்குப் பார்த்தார்கள். ஏற்றிய துகள்களில் கட்டிக்குள் போய்ச் சேர்ந்தது, நடுத்தரமாக, நூற்றுக்கு 0.7 பங்கு. அதாவது ஆயிரம் துகள்களில் ஏழு. மீதி பெரும்பாலும் ஈரலிலும் மண்ணீரலிலும் சிக்கிக்கொள்கிறது, அல்லது வெளியேறுகிறது. ஈரலில் இரத்தத்தைக் காவல் காக்கும் அணுக்கள் உண்டு. குப்பர் அணுக்கள் என்பார்கள். அந்நியத் துகள் எதைக் கண்டாலும் விழுங்குவது அவற்றின் வேலை. ஏறக்குறைய 5 நானோமீட்டருக்கும் சிறிய துகள்கள் மட்டுமே சிறுநீரகச் சல்லடையில் நுழைந்து சிறுநீரோடு போக முடியும் என்று 2007-ல் வேறொரு ஆய்வு காட்டியது. ஆகவே துகள் எந்த உலோகம் என்பதோடு, எந்த அளவு என்பதும் பெரிய கேள்வி.

தோரியம் கற்றுத்தந்த பாடம்

நம் தமிழ்நாட்டுத் தென்கோடியில், குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையில், மோனசைட் என்னும் கனமான மணல் கிடைக்கிறது. 1909-ல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலர், திருவிதாங்கூரிலிருந்து வந்த கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் இதைக் கண்டுபிடித்தார். அதிலுள்ள தோரியம் அன்றைக்குத் தேவைப்பட்டது விளக்கின் மேண்டிலுக்கு. பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் இராக்கூட்டங்களில் உட்கார்ந்திருந்த மூத்த நண்பர்களுக்கு அந்த வெண்மையான வலை நினைவிருக்கும்.

அதே தோரியத்தின் ஆக்சைடை நானோ அளவுத் துகளாக்கி, தண்ணீரில் மிதக்கவிட்டு, 1930 வாக்கில் ஜெர்மனியில் ஒரு கான்ட்ராஸ்ட் மருந்தைத் தயாரித்தார்கள். அதன் பெயர் தோரோட்ராஸ்ட். நானோ என்ற வார்த்தை அப்போது வழக்கில் இல்லை, பொருள் அதுவே. மூளையின் இரத்தக் குழாய்களை முதன்முதல் படமெடுத்த போர்த்துகல் மருத்துவர் எகாஸ் மோனிஸ் 1931 முதல் இதைப் பயன்படுத்தினார். படம் அற்புதமாக வந்தது. அக்காலத்து அயோடின் ஊசி எரிச்சலும் வலியும் தந்தது. இதுவோ ஏற்றும்போது ஒரு வேதனையும் தரவில்லை. ஈரலையும் மண்ணீரலையும் அவ்வளவு தெளிவாகக் காட்டிய மருந்து அதற்கு முன் இருந்ததில்லை.

ஏன் அவ்வளவு தெளிவு? குப்பர் அணுக்கள் அதை விழுங்கி வைத்துக்கொண்டன. அதுவே நன்மை, அதுவே கேடு. விழுங்கியதை வெளியேற்ற வழி இல்லை. தோரியமோ கதிரியக்கம் உள்ளது. அதன் பாதி அழிய 1,400 கோடி ஆண்டுகள் ஆகும். அது விடும் ஆல்ஃபா கதிர் சில அணுக்களின் தூரமே பாயும்; ஆனால் பாயும் இடத்தைச் சிதைக்கும். ஈரலுக்குள் அமர்ந்துகொண்டு, அந்த மனிதர் உயிரோடிருக்கும் நாளெல்லாம், இரவும் பகலும் அது வேலை செய்தது.

எச்சரிக்கை இல்லாமல் இல்லை. 1932-லேயே அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் மருந்துக் குழு இதைப் பயன்படுத்த வேண்டாம் என்று ஆலோசனை சொல்லியிருந்தது. ஆனால் இன்று படம் அழகாக வருகிறது. தீங்கோ இருபது ஆண்டு கழித்து வரப்போவது. எதைக் கேட்பார்கள்? 1947-ல் அமெரிக்காவில், இந்த ஊசி போட்ட ஒருவருக்கு ஈரலின் இரத்தக் குழாயில் புற்றுநோய் வந்ததாக முதல் அறிக்கை வெளியாயிற்று. 1950-களில் இதன் பயன்பாடு நின்றது. ஜெர்மனி, டென்மார்க், போர்த்துகல், ஜப்பான் நாடுகளில் ஊசி போட்டுக்கொண்டவர்களைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். இருபது, முப்பது, நாற்பது ஆண்டு கழித்தும் ஈரல் புற்றுநோய்கள் வந்துகொண்டே இருந்தன. நோயைக் கண்டுபிடிக்கச் செலுத்திய மருந்தே நோயைத் தந்தது. "நானோ" என்று எழுதிய எந்தப் புதிய மருந்தைக் குறித்தும் மருத்துவர்கள் இன்று தயங்கித் தயங்கிக் கேள்வி கேட்கிறார்கள் என்றால், அது விஞ்ஞானத்தில் நம்பிக்கைக் குறைவால் அல்ல.

இரும்பு: இருட்டில் வெளிச்சம்

நம் பிள்ளைகள் திருவொற்றியூர்க் கடற்கரை மணலில் காந்தத்தை இழுத்துக் கருந்தூள் சேர்த்து விளையாடுவதைப் பார்த்திருப்பீர்கள். அது இரும்பின் ஆக்சைடு. இதே வகைப் பொருளை நானோ அளவில் செய்து, டெக்ஸ்ட்ரான் என்ற சர்க்கரை வகையால் போர்த்தி, எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்குப் பயன்படுத்தினார்கள். எம்.ஆர்.ஐ. ஒரு பெரிய காந்தம். இரும்புத் துகள் இருக்கும் இடத்தில் காந்தப்புலம் கலைவதால் படத்தில் அந்த இடம் கறுத்துப்போகும்.

1996-ல் அமெரிக்காவில் ஈரல் கட்டிகளைக் காண இத்தகைய ஊசிக்கு அனுமதி கிடைத்தது. இதன் யுக்தி அழகானது. நல்ல ஈரலில் குப்பர் அணுக்கள் நிறைய உண்டு; அவை இரும்பை விழுங்கும்; ஆகவே ஈரல் முழுவதும் கறுத்துவிடும். பிற இடத்திலிருந்து பரவி வந்த புற்றுநோய்க் கட்டியில் அந்த அணுக்கள் இல்லை. அங்கே இரும்பு சேராது. கறுத்த ஈரலுக்கு நடுவே கட்டி மட்டும் வெளுப்பாக நிற்கும். தோரியத்தைப் பிடித்து வைத்த அதே அணுக்கள்தான் இங்கும் வேலை செய்கின்றன. ஆனால் இரும்பு நம் சரீரத்துக்கு அந்நியம் அல்ல. துகள் மெல்லக் கரைந்து, அந்த இரும்பு சரீரத்தின் இரும்புச் சேமிப்போடு கலந்து, புது இரத்தம் உண்டாவதற்குப் பயன்படுகிறது. வெளியே வராவிட்டாலும் உள்ளே அதற்கு ஒரு வீடு இருக்கிறது.

2003-ல் இன்னும் பெரிய செய்தி வந்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையைச் சேர்ந்த முகேஷ் ஹரிசிங்கானியும் நெதர்லாந்தின் நைமேகன் நகர மருத்துவர்களும், புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் உள்ள 80 பேருக்கு இரும்புத் துகள் ஊசி ஏற்றி, மறுநாள் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். நோய் நெறிக்கட்டிகளுக்கு, அதாவது நிணநீர்க் கணுக்களுக்கு, பரவியிருக்கிறதா என்பதே கேள்வி. பரவாவிட்டால் அறுவை சிகிச்சை. பரவியிருந்தால் வேறு வழி. சாதாரணமாகக் கணு பெரிதாக இருக்கிறதா என்று அளந்துதான் முடிவு சொல்வார்கள். இந்த ஆய்விலோ, நோய் இருந்த கணுக்களில் பத்துக்கு ஏழு, அளவில் சந்தேகப்பட முடியாதபடி சிறியவை. ஊசி இல்லாத எம்.ஆர்.ஐ. நோயுள்ள கணுக்களில் 35.4 சதவீதத்தைக் கண்டது. துகள் ஏற்றியபோது 90.5 சதவீதத்தைக் கண்டது.

இப்படிப்பட்ட மருந்து இன்று ஒவ்வொரு ஊரிலும் இருக்க வேண்டுமே என்று நினைப்பீர்கள். இல்லை. 2005-ல் அமெரிக்க அரசின் மருந்து ஆலோசனைக் குழு இதற்குப் பரவலான அனுமதி தருவதை ஆதரிக்கவில்லை. 2007-ல் ஐரோப்பாவில் போட்டிருந்த விண்ணப்பமும் திரும்பப் பெறப்பட்டது. 1996-ல் வந்த ஈரல் ஊசியும் சுமார் பன்னிரண்டு ஆண்டுகளில் கடையிலிருந்து மறைந்தது. வாங்குவோர் குறைவாக இருந்தார்கள். நைமேகன் மருத்துவர்கள் மட்டும் விடாமல் முயன்று, கணுக்களுக்கான மருந்தை மீண்டும் தயாரிக்கச் செய்து ஆய்வைத் தொடர்ந்தார்கள். நல்ல மருந்து என்பது வேறு, விற்கும் மருந்து என்பது வேறு. இது எங்கள் சொந்தக் கருத்து. மருந்துக் கம்பெனிக்காரர்கள் வேறு விதமாகச் சொல்லக்கூடும்.

இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு இரும்புத் துகள், சிறுநீரக நோயாளிகளின் இரத்தசோகைக்கு மருந்தாக 2009-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. சில பெரிய மருத்துவமனைகள் அதையே எம்.ஆர்.ஐ. கான்ட்ராஸ்ட்டாகவும் பயன்படுத்தின. 2015-ல் அதற்குக் கடுமையான ஒவ்வாமை எச்சரிக்கையும் சேர்க்கப்பட்டது. இரும்பு சரீரத்துக்கு உறவானாலும் ஊசியில் போகும்போது காவலோடுதான் போக வேண்டும்.

மீன் கூடை தூக்கும் கை

இவையெல்லாம் எங்கேயோ தூர தேசத்துக் காரியம் என்று எண்ண வேண்டாம். காசிமேட்டில் விடியற்காலையில் மீன் ஏலம் எடுத்து, கூடையைத் தலைக்கேற்றித் தெருத்தெருவாக விற்கும் ஒரு தாய்க்கு மார்பகப் புற்றுநோய் என்று வைத்துக்கொள்ளுங்கள். சென்னையில் இன்று பெண்களுக்கு அதிகமாக வருவது இந்தப் புற்றுநோயே. முன்பெல்லாம் மார்பக அறுவையோடு அக்குளிலுள்ள கணுக்களையும் மொத்தமாக எடுத்துவிடுவார்கள், நோய் அங்கே பரவியிருந்தாலும் இல்லாவிட்டாலும். அதன் விளைவாகச் சிலருக்குக் கை வீங்கிக் கனத்து, வாழ்நாள் முழுவதும் அப்படியே இருந்துவிடும். மேசையில் எழுதும் வேலை என்றால் ஒருவாறு சமாளிக்கலாம். கூடை தூக்குகிறவளுக்குக் கைதான் பிழைப்பு.

மார்பகத்திலிருந்து வடியும் நிணநீர் முதலில் எந்தக் கணுவுக்குப் போகிறதோ அதை மட்டும் கண்டுபிடித்து எடுத்துச் சோதித்தால் போதும்; அதில் நோய் இல்லையென்றால் மற்றவற்றைத் தொட வேண்டியதில்லை. இந்தக் காவல் கணுவைக் காட்டித் தருவதும் உலோகம் ஏந்திய ஒரு நுண்துகளே. டெக்னீசியம் என்னும் கதிரியக்க உலோகத்தைச் சுமக்கும் துகள்களை மார்பகத்தில் செலுத்தினால் அவை நிணநீரோடு ஓடிக் கணுவில் சிக்கிக்கொள்ளும்; கையில் பிடிக்கும் கருவி அந்த இடத்தில் ஒலி எழுப்பும். 1993 முதல் இம்முறை வழக்கத்துக்கு வந்தது. 5,611 பெண்களை வைத்துச் செய்த அமெரிக்க ஆய்வொன்று 2010-ல், காவல் கணுவில் நோயில்லாதவர்களுக்கு மற்றக் கணுக்களை விட்டுவைத்ததால் ஆயுள் குறையவில்லை என்று உறுதிப்படுத்தியது.

டெக்னீசியமும் கதிரியக்கம் உள்ளதுதானே, தோரியத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கலாம். தோரியத்தின் பாதி அழிய 1,400 கோடி ஆண்டு. டெக்னீசியத்தின் பாதி அழிய 6 மணி நேரம். இரண்டு மூன்று நாளில் சொல்லும்படியாக ஒன்றும் மீதியிருக்காது.

டெக்னீசியத்துக்கு அணு மருத்துவப் பிரிவும் அதற்கான உரிமமும் வேண்டும். சிறிய மருத்துவமனைகளுக்கு அது எட்டாது. இந்த இடத்தில்தான் இரும்புத் துகள் மறுபடியும் வருகிறது. கதிரியக்கம் இல்லாத இரும்புத் துகளை மார்பகத்தில் செலுத்தி, காந்தக் கருவியால் காவல் கணுவைத் தேடும் முறைக்கு 2018-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. குறைகளும் உண்டு: ஊசி போட்ட இடத்தில் தோல் மாதக்கணக்கில் பழுப்பாக இருக்கலாம், மீதமுள்ள இரும்பு பின்னால் எடுக்கும் மார்பக எம்.ஆர்.ஐ. படத்தைக் கறுக்கச் செய்யும், விலையும் அதிகம். இதற்கிடையே மெத்திலீன் நீலம் என்ற பழைய சாயம் இருக்கிறது. மிகவும் மலிவு. பழகிய அறுவை மருத்துவர் கையில் அது பெரும்பாலும் காவல் கணுவைக் காட்டிவிடும். எங்களைக் கேட்டால், ஒரு சிறிய மருத்துவமனை முதலில் செலவு செய்ய வேண்டியது காந்தக் கருவிக்கு அல்ல. நீலச் சாயத்தைக்கொண்டே கணுவைத் தேடக் கற்ற அறுவை மருத்துவருக்கும், எடுத்த கணுவைச் சரியாகப் பார்த்துச் சொல்லும் நோய்க்குறியியல் நிபுணருக்கும்தான்.

தங்கம்

இப்போது நண்பர்கள் ஆவலோடு கேட்ட தங்கத்துக்கு வருவோம். 1857-ல் மைக்கேல் ஃபாரடே தங்கத்தை நுண்துகளாக்கித் தண்ணீரில் மிதக்கவிட்டபோது அது மஞ்சளாக இல்லாமல் மாணிக்கச் சிவப்பாக இருந்தது. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் பிரதீப் குழுவினர் தங்கம், வெள்ளி நுண்திரள்களைப் பற்றிப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறார்கள். ஸ்கேனைப் பொறுத்தவரை, 2006-ல் அமெரிக்காவில் ஹெய்ன்ஃபெல்டு என்பவரும் கூட்டாளிகளும் 1.9 நானோமீட்டர் தங்கத் துகளை எலிகளுக்குச் செலுத்தி, கட்டியையும் அதன் இரத்தக் குழாய்களையும் எக்ஸ்ரேயில் தெளிவாகக் காட்டினார்கள். தங்கம் அயோடினைவிடக் கனமான அணு. ஒரே எடைக்கு ஏறக்குறைய 2.7 மடங்கு கதிரைத் தடுக்கிறது. துகள் மிகச் சிறியதாகையால் சிறுநீரில் வெளியேறவும் செய்தது.

ஆனால் எலியின் எடை இருபது, முப்பது கிராம். ஒரு மனிதருக்குச் சி.டி. எடுக்க ஏறக்குறைய 30 கிராம் அயோடின் ஏற்றுகிறோம். அதே வெளிச்சம் தங்கத்தில் வேண்டுமென்றால் சுமார் 11 கிராம் ஆகும். ஒன்றரைச் சவரனுக்குச் சற்றுக் குறைவு! ஒவ்வொரு ஸ்கேனுக்கும் ஒரு மோதிரத்தையும் ஒரு ஜோடிக் கம்மலையும் ஊசியில் ஏற்றிச் சிறுநீரில் விடுவதுபோல. துகளைக் கட்டியில் மட்டும் சேரும்படி செய்தால் குறைந்த தங்கம் போதும் என்கிறார்கள். அதற்காகத் துகளைப் பெரிதாக்கினாலோ, அது சிறுநீரகச் சல்லடையில் நுழையாமல் ஈரலில் தங்கிவிடும். தோரியம்போல் தங்கம் கதிர் விடாது என்பது உண்மைதான். ஆனாலும் முப்பது ஆண்டு ஈரலில் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு முப்பது ஆண்டு காத்திருந்துதான் பதில் பெற வேண்டும். இக்காரணங்களால், மனிதருக்கான சி.டி. கான்ட்ராஸ்ட்டாகத் தங்கத் துகள் இன்னும் மருத்துவமனைகளின் வழக்கத்துக்கு வரவில்லை. சபையாரிடமோ நண்பர்களிடமோ யாராவது வந்து, "நானோ தங்க ஸ்கேனுக்கு இவ்வளவு பணம் வேண்டும்" என்று உதவி கேட்டால், பணம் கொடுக்குமுன் சிகிச்சை தரும் புற்றுநோய் மருத்துவரிடம் விசாரியுங்கள்.

தங்க பஸ்பம் சாப்பிட்டால் ஸ்கேனில் கட்டி தெரியுமா என்ற கேள்வியும் வருகிறது. தெரியாது. வாயில் உட்கொள்ளும் பஸ்பம் கட்டியைத் தேடிப் போய்ச் சேர்ந்து படத்தில் காட்டுவதில்லை. ஆனால் எந்தப் பஸ்பமோ செந்தூரமோ சாப்பிடுகிறவர்கள் அதை ஸ்கேனுக்கு முன்பு மருத்துவரிடம் சொல்ல வேண்டும். உலோகம் கலந்த சில மருந்துகள் சிறுநீரகத்தைப் பாதிப்பதுண்டு.

சிறுநீரகத்தைப் பார்த்துவிட்டு ஊசி

எம்.ஆர்.ஐ.க்கு இன்று வழக்கமாகப் போடும் ஊசியில் இருப்பது கடோலினியம். இதுவும் உலோகமே, ஆனால் துகளாக அல்ல, ஒரு மூலக்கூறுக் கூண்டுக்குள் அடைத்து வைத்திருப்பார்கள். கூண்டோடு போய்க் கூண்டோடு சிறுநீரில் வெளியேற வேண்டும் என்பது ஏற்பாடு. சிறுநீரகம் கெட்டவர்களுக்கு அது வெளியேறாமல் நாட்கணக்கில் தங்கிக் கூண்டைவிட்டுப் பிரிந்தது. தோலும் மூட்டுகளும் இறுகிப்போகும் ஒரு கொடிய வியாதிக்கு இதுவே காரணம் என்று 2006-ல் ஆஸ்திரிய மருத்துவர் ஒருவர் சுட்டிக்காட்டினார். அதன் பிறகு உறுதியான கூண்டுள்ள வகைகளுக்கு மருத்துவர்கள் மாறினார்கள். அந்த வியாதியும் அரிதாயிற்று. தோரியத்தில் கண்டது வேறு உருவில் இன்னொரு முறை. பிரான்சில் கடோலினியத்தையே மிகச் சிறிய நானோ துகளாகச் செய்து, மூளைக்குப் பரவிய புற்றுநோய்க்குக் கதிர் சிகிச்சையோடு சேர்த்துச் சோதிக்கிறார்கள். முதல் 15 வியாதியஸ்தரின் முடிவு 2020-ல் வெளிவந்தது. அங்கேயும் துகளைச் சிறுநீரில் வெளியேறும் அளவுக்குச் சிறியதாகவே செய்திருக்கிறார்கள்.

எங்கள் பகுதியில் சர்க்கரை வியாதியும் இரத்தக் கொதிப்பும் மிகுதி. துறைமுகத்திலும் எண்ணூர்த் தொழிற்சாலைகளிலும் வெயிலில், உலை அருகில், தண்ணீர் குடிக்க நேரமில்லாமல் உழைப்பவர்கள் அநேகர். இவர்களுடைய சிறுநீரகம் தளர்ந்திருப்பது வெளியே தெரியாது. கிரியேட்டினின் என்னும் இரத்தச் சோதனை தெரிவித்துவிடும். அதைக்கொண்டு கணக்கிடும் வடிகட்டும் அளவு 30-க்குக் கீழே இருந்தால் சி.டி. ஊசியானாலும் எம்.ஆர்.ஐ. ஊசியானாலும் மருத்துவர் யோசித்தே முடிவு செய்வார். சில வேளை ஊசி இல்லாமலே எடுப்பார், சில வேளை அல்ட்ராசவுண்டு போதும் என்பார்.

ஆகவே உங்கள் வீட்டாரையோ சபையாரையோ ஸ்கேனுக்கு அழைத்துச் செல்லும்போது இவற்றைக் கவனியுங்கள். கிரியேட்டினின் சீட்டைக் கையோடு கொண்டுபோங்கள். பல மாதத்துக்கு முந்தியதானால் புதிதாக எடுங்கள். தண்ணீர் குடிக்கக் கூடாதென்று மருத்துவர் தடை சொல்லாதவர்கள் முந்தின நாளும் ஸ்கேனுக்குப் பிறகும் தாராளமாகத் தண்ணீர் குடிக்கட்டும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைச் சொல்லட்டும். தாமாக நிறுத்த வேண்டாம். முன்பு ஊசி போட்டபோது தடிப்போ மூச்சுத் திணறலோ வந்திருந்தால் மறைக்காமல் சொல்லட்டும். பழைய ஸ்கேன் படங்களை வீடு சுத்தம் செய்யும்போது எறிந்துவிடாமல் கொண்டு வரவும். போன வருஷத்துப் படத்தோடு ஒப்பிட்டால் ஈரலிலுள்ள ஒரு புள்ளி புதியதா பழையதா என்று தெரிந்துவிடும். சிலருக்கு ஊசியே தேவைப்படாமல் போகும்.